அரிசியும் அறிக்கையும்

முன்னாளில் ஒருவர் வாயை அடைக்க வேண்டுமானால், “சாஸ்திரம் சொல்லுகிறது” என்றால் போதும். எந்தச் சாஸ்திரம், அதில் எவ்விடம், யார் கண்டு சொன்னது என்று வினவுவோர் அரியர். இக்காலத்தே அந்த ஆசனத்தில் வேறொரு வாக்கியம் ஏறி அமர்ந்திருக்கிறது. “ஆராய்ச்சியில் கண்டுபிடித்துவிட்டார்கள்” என்பதே அது. பாகற்காய்ச் சாறு நீரிழிவை வேரோடு அகற்றுமென்று கைத்தொலைபேசியில் ஒரு செய்தி வருகிறது. அடியில் ஏதோ ஒரு சர்வகலாசாலையின் பெயர் காணப்படுகிறது. மறுநாட் காலையிலேயே மாத்திரையை நிறுத்திவிடும் மனிதர் தோட்டத்திலும் உண்டு, பட்டணத்திலும் உண்டு. எத்தனை பேரிடத்தில் சோதித்தார்கள், அவர்களை யாரோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்கும் வழக்கம் இன்னும் நமக்கு வரவில்லை.

மருத்துவ ஆராய்ச்சி அறிக்கைகள் நம்போன்றோர்க்கு எட்டாத பொருள் என்று ஒதுங்குவது தவறு. மருத்துவ உலகம் இன்றளவும் எடுத்துப் பேசும் பரிசோதனைகளுள் ஒன்று நம் நெகிரி செம்பிலானிலேயே, ஜெலுபு வட்டாரத்து டுரியான் திப்புஸ் என்னுமிடத்தில் நடந்தது. அதற்கு வித்தாக அமைந்ததோ நம் தோட்டத் தமிழர் நாள்தோறும் வடித்துண்ட புழுங்கலரிசி. அந்தச் சரித்திரத்தைத் தொடர்ந்து சென்றால், ஓர் ஆராய்ச்சி எவ்வாறு செய்யப்படுகிறது, எவ்வாறு எழுதப்படுகிறது, எழுதியதை நாம் எவ்வாறு வாசிக்க வேண்டும் என்பனவெல்லாம் தாமே விளங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாய் நாட்டை வாட்டிய பிணிகளுள் பெரி-பெரி என்பது ஒன்று. முதலில் கால் மரத்துப்போகும், கெண்டைச் சதை நோகும், நடை தள்ளாடும், சிலர்க்கு உடல் வீங்கும், முடிவில் இருதயம் ஓய்ந்துவிடும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளரை அது கொத்துக் கொத்தாக வாரிக்கொண்டு போயிற்று. சிறைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் அதுவே குடியிருந்தது. காரணம் என்னவென்று தெரியவில்லை. கோக் என்ற ஜெர்மானியர் 1882-இல் க்ஷயரோகக் கிருமியைக் கண்டுபிடித்த பின்னர், எந்த வியாதியைக் கண்டாலும் அதற்குரிய கிருமி எங்கே என்று தேடுவதே வைத்தியரின் வழக்கமாயிற்று. கோலாலம்பூரில் 1900-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் முதல் தலைவரான டாக்டர் ஹாமில்டன் ரைட் என்பாரும், பெரி-பெரி உணவுப்பாதையில் புகும் ஒரு கிருமியின் வேலையே என்று 1902-இல் எழுதினார். கற்றவர், உழைப்பாளி, அரசாங்கப் பதவியினர், ஆயினும் தவறினார். அறிக்கையின் தலைப்பிலுள்ள பெயரையும் பட்டத்தையும் கண்டு மயங்கலாகாதென்பதற்கு அவரே முதற் சாட்சி.

அக்காலத்தில் நெகிரி செம்பிலானின் அரசாங்க வைத்தியராய்ச் சிரம்பானில் இருந்தவர் டாக்டர் லியோனார்ட் பிராட்டன். அவர் கண்ணில் ஒரு விசித்திரம் பட்டது. ஒரே நாட்டில், ஒரே வெயிலிலும் மழையிலும் வாழ்கின்ற மூன்று சமூகத்தாருள், சீனர்க்கு மட்டும் பெரி-பெரி மிகுதியாய் வருகின்றது. கம்பங்களில் வாழும் மலாய்க்காரர்க்கு அரிது. தமிழர்க்கோ பெரும்பாலும் இல்லை. ஏன்? மூவரும் உண்பது சோறுதானே? சோறுதான், ஆனால் அரிசி வேறு. சீனர் உண்டது ஆலையில் தீட்டி வெண்மையாக்கிய சயாம் அரிசி. மலாய்க்காரர் தம் வயல் நெல்லை அவ்வப்போது தாமே குத்தி உண்டனர். தமிழரோ, நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திய பின் குத்திய இந்தியப் புழுங்கலரிசியை உண்டனர். இவற்றையெல்லாம் பல்லாண்டு திரட்டி, 1907-இல் ஒரு பெரிய நூலாகவே பிராட்டன் வெளியிட்டார்.

அவர் கண்டது உண்மை. அதற்கு அவர் சொன்ன விளக்கம் பிழை. தீட்டிய பச்சரிசி நாட்பட்டுக் கிடக்கும்போது அதில் ஒருவகை நஞ்சு தோன்றுகிறது, அந்நஞ்சே பெரி-பெரியை உண்டாக்குகிறது என்பது அவர் கொள்கை. அரிசியில் இருக்கக்கூடாத ஏதோ ஒன்று இருக்கிறதென்று அவர் எண்ணினாரேயன்றி, இருக்க வேண்டிய ஏதோ ஒன்று இல்லாது போயிற்று என்று அவர்க்குத் தோன்றவில்லை. அவரைக் குறை கூறுவதற்கில்லை. இருக்கும் பொருளைத் தேடுவோனுக்குக் கண் உதவும். இல்லாத பொருளைத் தேடுவோனுக்கு எது உதவும்? பத்தேவியாவில் கோழிகளுக்குத் தீட்டிய அரிசியை இட்டு, அவை கால் மடங்கி விழுவதைக் கண்டறிந்து, 1929-இல் நோபல் பரிசும் பெற்ற எய்க்மன்கூட, முதலில் அரிசிமாவில் நஞ்சு இருக்கிறது, தவிட்டில் அதற்கு மாற்று இருக்கிறது என்றுதான் கருதினார். அவர்க்குப் பின் அதே இடத்தில் உழைத்த கிரைன்ஸ் என்பவரே, 1901-இல், தவிட்டோடு போய்விடும் ஒரு சத்தின் குறைவுதான் காரணம் என்று கூறினார். நோபல் பரிசில் கிரைன்ஸுக்குப் பங்கு கிடைக்கவில்லை என்பது வேறு கதை.

ஆராய்ச்சி அறிக்கையை வாசிப்போன் முதலில் கற்க வேண்டிய பாடம் இங்கே இருக்கிறது. அறிக்கை எதுவாயினும் அதில் இரண்டு குரல்கள் கலந்தே ஒலிக்கும். “இதைக் கண்டேன்” என்பது ஒரு குரல். “இதனால் இருக்கலாம் என்று கருதுகிறேன்” என்பது மற்றொரு குரல். முன்னதை முடிவுகள் என்ற பகுதியிலும் பின்னதை ஆய்வுரை என்ற பகுதியிலும் பிரித்தெழுதும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் நிலைபெற்றது இக்காரணம் பற்றியே. பத்திரிகைத் தலைப்புகளோ பெரும்பாலும் இரண்டாம் குரலை எடுத்து முதற் குரலைப் போலக் கூவிவிடுகின்றன.

இனி வேறொன்று. பிராட்டன் கண்டது உண்மையென்றேன். ஆனால் அவர் நூலை மட்டும் வைத்துக்கொண்டு அதை உண்மையென்று ஒருவர் உறுதி கூறியிருக்க முடியுமா? முடியாது. தமிழர்க்கும் சீனர்க்கும் அரிசி ஒன்றிலா வேறுபாடு? ஒருவர் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் வாழ்ந்தார். மற்றவர் சுரங்கத்துக் கொங்சி வீட்டில் வாழ்ந்தார். ஒருவர் பருப்பும் புளியும் உண்டார். மற்றவர் உப்பு மீனும் பன்றியிறைச்சியும் உண்டார். வேலை வேறு, நீர் வேறு, உறக்கம் வேறு. இத்தனை வேறுபாடுகளில் அரிசி ஒன்றை மட்டும் பிடித்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமன்று. ஜாவாத் தீவின் சிறைகளை ஆராய்ந்த வோர்டர்மன் என்பாரின் 1897-ஆம் ஆண்டுக் கணக்கு இதனினும் நெருக்கமானது. தீட்டிய அரிசி வழங்கிய 51 சிறைகளில் 36-இல் பெரி-பெரி இருந்தது. தீட்டாத அரிசி வழங்கிய 37 சிறைகளில் ஒன்றில் மட்டுமே இருந்தது. இவ்விடத்தில் வாசகர் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். 51-க்கு 36 என்றால் நூற்றுக்கு எழுபது. கைதிகளில் நூற்றுக்கு எழுபது பேர் நோயுற்றனரென்று அதற்குப் பொருளா? அன்று. எழுபது சதவீதம் சிறைகளில் அந்நோய் தலைகாட்டியது என்பதே பொருள். எதை எண்ணினார்கள் என்று பாராமல் எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுவதால் விளையும் குழப்பம் கொஞ்சமன்று.

ஐயத்தைத் தீர்க்க வழி ஒன்றே. ஒரே வகை மனிதரை எடுத்து, ஒரே கூரையின்கீழ் வைத்து, ஒரே உணவை ஊட்டி, அரிசியை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். கோலாலம்பூரில் சித்தப்பிரமை கொண்டோரை அடைத்து வைத்திருந்த விடுதியில் டாக்டர் வில்லியம் பிளெச்சர் அதைச் செய்தார். 1905-ஆம் ஆண்டில் அவ்விடுதியிலிருந்த 219 பேரில் 94 பேர்க்குப் பெரி-பெரி கண்டு 27 பேர் மாண்டனர். அவ்வாண்டு டிசம்பரில் பிளெச்சர், உண்ணும் கொட்டகையில் அவர்களை வரிசையாய் நிறுத்தி இடப்புறமிருந்து எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண்ணினர் கீழைக் கட்டிடத்திற்குச் சென்றனர். அவர்கட்குப் பழைய சயாம் அரிசியே தொடர்ந்தது. இரட்டைப்படை எண்ணினர் மேலைக் கட்டிடத்திற்குச் சென்றனர். அவர்கட்கு இந்தியப் புழுங்கலரிசி. மற்ற உணவெல்லாம் இருசாரார்க்கும் ஒன்றே. கட்டிடத்தில்தான் நோய் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்ற ஐயம் எழலாமல்லவா? ஆண்டின் நடுவில் இருசாராரையும் கட்டிடம் மாற்றிவைத்தார். நோய் கட்டிடத்தோடு நின்றுவிடவில்லை, அரிசியோடு சென்றது. 1906-ஆம் ஆண்டு இறுதிவரை கணக்கெடுத்ததில், புழுங்கலரிசி உண்ட 120 பேரில் இருவர்க்கே பெரி-பெரி இருந்தது. அவ்விருவரும் விடுதிக்கு வரும்போதே அந்நோயோடு வந்தவர்கள். இறந்தவர் இல்லை. சயாம் அரிசி உண்ட 123 பேரில் நோயுற்றோர் 34, இறந்தோர் 18.

1907-இல் லண்டன் “லான்செட்” சஞ்சிகையில் இதனை அவர் எழுதிய முறையை நான் பெரிதும் மதிக்கிறேன். யாரை, எப்படிப் பிரித்தார், என்ன கொடுத்தார், எத்தனை நாள், எத்தனை பேர் என்பனவற்றை மறைவின்றிச் சொன்னார். 34 பேர் நோயுற்றனர் என்று மட்டும் எழுதியிருந்தால் அது ஒரு செய்தி. 123-இல் 34, எதிரே 120-இல் 2 என்று எழுதியபோதே அது சான்றாயிற்று. காரணத்தைக் கூறுமிடத்திலோ இன்னும் அடக்கம். அரிசியில் ஒரு நஞ்சு இருக்கலாம். அல்லது அதில் ஓர் ஊட்டம் குறைந்திருக்கலாம். அல்லது ஊட்டக் குறைவால் தளர்ந்த உடலில் ஒரு கிருமி புகலாம் என்று மூன்று வழிகளையும் திறந்தே வைத்தார். கையிலிருந்த சான்று எதுவரை செல்லுமோ அதுவரை சென்று நின்றார்.

இப்பொழுது ஜெலுபுக்கு வருவோம். விடுதியிலிருந்தோர் பலவகை நோயினர். முன்பே பெரி-பெரி நடமாடிய இடமும் அது. ஆதலின் ஐயம் முற்றும் நீங்கிற்றென்று கூற முடியவில்லை. மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர், 1907 முதல், காட்டிடையே சாலை போடும் வேலைக்கு வந்திருந்த ஏறக்குறைய 300 ஜாவாக்காரரிடத்தில் மறுபடியும் சோதித்தனர். டுரியான் திப்புஸைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் அது ஊரினின்றும் ஒதுங்கிய கன்னிக் காடாயிருந்ததே. பழைய குடியிருப்பில்லை, பழைய நோயில்லை. வெளியார் வரவும் குறைவு. தொழிலாளர் இரு கூட்டமாகப் பிரிக்கப்பட்டுத் தனித்தனி இடங்களில் வைக்கப்பட்டனர். ஒரு கூட்டத்திற்குத் தீட்டிய வெள்ளரிசி, மற்றொன்றிற்குப் புழுங்கலரிசி. ஏறத்தாழ மூன்று மாதம் கழிந்ததும் வெள்ளரிசிக் கூட்டத்தில் பெரி-பெரி தோன்றிற்று. புழுங்கலரிசிக் கூட்டத்தில் தோன்றவில்லை. அந்த வெள்ளரிசியை நிறுத்தியதும் நோயும் நின்றது. பின்னர் முறையைத் தலைகீழாக்கினர். முன்பு நலமாயிருந்த கூட்டத்திற்கு வெள்ளரிசி சென்றது. அங்கும் நோய் வந்தது. ஆளிடமிருந்து ஆளுக்கோ, இடத்திலிருந்தோ தொற்றுகிறதென்பதற்கு அடையாளம் எதுவும் காணப்படவில்லை. 1909-இல் அறிக்கை வெளிவந்தது.

ஒரு முறை கண்டதை மற்றொருவர் மற்றோரிடத்தில் மறுபடி காண்பது என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. ஒற்றை ஆராய்ச்சியை நம்பி வீட்டைக் கட்டாதீர் என்று நல்ல வைத்தியர் சொல்வதன் பொருளும் இதுவே.

அவ்விருவரும் பின்னர்க் கோழிகளிடத்தில் சோதித்து, வெள்ளரிசியோடு தவிட்டைச் சேர்த்தால் நோய் வருவதில்லை என்று காட்டினர். அரிசியிலுள்ள பாஸ்பரஸின் அளவைக்கொண்டு அது கெடுதியற்றதா என்று தீர்மானிக்கலாம் என்றும் ஓர் அளவுகோல் வகுத்தனர். இதையும் சிலர் தவறாக வாசித்துப் பாஸ்பரஸ் குறைவே பெரி-பெரிக்குக் காரணமெனக் கொண்டனர். தவிட்டில் பாஸ்பரஸும் உண்டு, நோயைத் தடுக்கும் சத்தும் உண்டு. தவிடு போனால் இரண்டும் போகும். ஒன்று மற்றொன்றிற்கு அடையாளமேயன்றிக் காரணமன்று. லயத்தில் புகை எழுவது அடுப்பெரிவதற்கு அடையாளம். புகையா சோற்றை வேகவைக்கிறது?

1910-இல் மணிலாவில் கூடிய கீழ்த்திசை வைத்தியர் மகாநாடு, தீட்டிய வெள்ளரிசியையே இடைவிடாது முதன்மை உணவாகக் கொள்வதற்கும் பெரி-பெரிக்கும் தொடர்புண்டு என்று ஒப்புக்கொண்டது. 1912-இல் காசிமிர் ஃபங்க் என்பார் இத்தகைய சத்துகளுக்கு ஒரு பெயரிட்டார். அதுவே இன்று நம் குழந்தைகளும் கூறும் வைட்டமின் என்ற சொல்லுக்கு மூலம். பத்தேவியாவில் யான்சன், டோனத் என்னும் இருவர் 1926-இல் அச்சத்தைத் தனியே பிரித்தெடுத்தனர். அதன் அமைப்பைத் தெளிந்து 1936-இல் அதனைச் செயற்கையாகவே ஆக்கிக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்த ஊர், அந்நாள் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர். இன்று அதனை பி-1 என்றும் தயமின் என்றும் வழங்குகிறோம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளைக்கருவிலும் உள்ள இச்சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பின்னர் ஆலையில் தீட்டினும் அது முற்றும் போவதில்லை. தமிழர் தப்பியது இதனால்.

“பார்த்தீர்களா, நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்!” என்று மார்தட்டப் புறப்படுவோரும் இருப்பர். நெல்லை அவித்த நம் மூதாட்டியர் வைட்டமினை அறிந்து அவிக்கவில்லை. உமி எளிதிற் கழலவும், குத்தும்போது அரிசி நொறுங்காதிருக்கவுமே அவித்தனர். விசேஷ நாளில் பச்சரிசியே உயர்ந்ததென்று கருதியவரும் அவர்களே. அன்றியும், பெரி-பெரிக்குத் தப்பிய அதே தமிழர் மலேரியாவுக்குத் தப்பவில்லை. காடு திருத்திய ஆண்டுகளில் இந்நாட்டுத் தோட்டங்களில் அது கொண்டுபோன உயிர்கள் பல. ஒரு நோய்க்கு அரணாய் நின்ற பழக்கத்தை எல்லா நோய்க்கும் அரணென்று விற்பனை செய்வோரிடம் எச்சரிக்கையாயிருப்பது நல்லது.

இனி, ஓர் ஆராய்ச்சி அறிக்கை நம் கைக்கு வந்தால் எங்கிருந்து வாசிப்பது? தொடக்கத்திலுள்ள சுருக்கம் கடையின் முகப்பைப் போன்றது. நல்ல சரக்கை அங்கே அடுக்கியிருப்பார்கள். முறை என்ற பகுதிக்கு நேரே செல்ல வேண்டும். யாரை யாரோடு ஒப்பிட்டனர்? அவர்களை எவ்வாறு பிரித்தனர்? பிளெச்சர் வரிசையில் நிறுத்தி எண்ணியது அன்றைக்குப் பெரிய முன்னேற்றம். எனினும் அடுத்தவர் எப்பக்கம் போவாரென்பது முன்னரே தெரிந்துவிடுகின்றமையால், மனம்போல் ஆளை மாற்றி நிறுத்த அதில் இடமுண்டு. பிரிட்டனில் க்ஷயரோகத்திற்கு ஸ்டிரெப்டோமைசின் மருந்தைச் சோதித்து 1948-இல் வெளியிட்டபோது, குருட்டு எண்களால் பிரித்து, அவற்றை ஒட்டிய உறைகளில் வைத்து இக்குறையை நீக்கினர். அடுத்து, எத்தனை பேர், எவ்வளவு காலம் என்று பார்க்க வேண்டும். பிரேசரும் ஸ்டாண்டனும் இரண்டு மாதத்தில் நிறுத்தியிருந்தால், அரிசிக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை என்று எழுத வேண்டி வந்திருக்கும்! இடையில் விலகியோர் கணக்கில் சேர்ந்தனரா, யார் பணத்தில் நடந்தது, முதலில் கேட்ட கேள்விக்கே விடை கூறினரா அல்லது விடை கிடைத்த பின் கேள்வியை மாற்றிக்கொண்டனரா என்பனவும் பார்க்கத்தக்கவை. இக்கடைசித் தந்திரத்தைத் தடுக்கவே, 2005 முதல் முதன்மையான மருத்துவச் சஞ்சிகைகள், தொடங்குமுன்னே பொதுப் பதிவேட்டில் பதியாத பரிசோதனைகளை ஏற்பதில்லை என்று விதித்தன.

ஒன்று மட்டும் எஞ்சியிருக்கிறது. அதைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க மனம் வரவில்லை. பிளெச்சரின் எண்களைச் சான்றென்று புகழ்ந்தேன். அவ்வெண்களுள் 18 என்பது பிணங்களின் எண்ணிக்கை. கொட்டகையில் ஓரிடம் தள்ளி நின்றிருந்தால் அவர்களில் எவரும் மேலைக் கட்டிடத்திற்குச் சென்றிருப்பார். அவர்களுடைய சம்மதத்தைக் கேட்பதென்பது அந்நாளில் நினைப்பிலும் இல்லை. கேட்டாலும் விடை கூறும் நிலையில் அவர்கள் இல்லை. டுரியான் திப்புஸில் வேலை செய்தவரோ ஒப்பந்தத்தில் கட்டுண்டவர். முடியாதென்று சொல்லும் உரிமை அவர்க்கு எவ்வளவு இருந்திருக்குமென்பதைத் தோட்டத்தில் பிறந்தவர்க்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் பட்டதனால் பின்னர் உயிர் தப்பியோர் எண்ணற்றவர் என்பது மெய். அதைக் கூறி முன்னதை நேராக்கிவிட முடியாது.

யுத்தக் கைதிகளையும் யூதரையும் ஜெர்மானிய வைத்தியர் வதைத்த கொடுமைக்குப் பின் 1947-இல் நியூரம்பர்க்கில் வகுத்த நெறிகளும், 1964-இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கியில் செய்த பிரகடனமும் வந்த பிறகே, மனிதரிடத்தில் சோதிப்போர் முன்கூட்டி அவர் சம்மதத்தைப் பெற வேண்டுமென்பது உலக வழக்காயிற்று. இன்று வெளிவரும் அறிக்கைகளில் முறைப் பகுதியிலோ கடைசிப் பக்கத்திலோ, நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறப்பட்டது, பங்கு கொண்டோர் எழுத்து மூலம் இசைந்தனர் என்று ஒரு சிறு வரி இருக்கும். வாசிப்போர் பலர் அதனைத் தாண்டிப் போய்விடுவர். கொட்டகையில் நின்ற வரிசையைப் பற்றி அறிந்த நாள் முதல், நான் அந்த வரியில் சற்று நிற்கிறேன்.